அட்டவணையில் இருந்த 11

போன மாதம் எங்கள் காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே நாலு வரி. நட்சத்திரங்கள் ஹைட்ரஜனால் ஆனவை என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான். ஆண் பேராசிரியர் ஒருவர் அதை வெளியிடவிடாமல் தடுத்துவிட்டார். நாலு வருடம் கழித்து அதே விஷயத்தைத் தன் பெயரில் வெளியிட்டுப் புகழ் வாங்கிக்கொண்டார். கடைசியில் கைகூப்பும் பொம்மை, "பகிருங்கள்".

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாதி சரி, பாதி தப்பு" என்று போட்டேன். "ஆரம்பிச்சுட்டான்யா" என்றான் ஒருவன். இன்னொருவன், "அப்போ சரியானதை நீ எழுதேன்டா" என்றான். அதான் இந்தப் பதிவு.

அந்தப் பெண் செசிலியா பெய்ன். பேராசிரியர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். ஃபார்வர்டில் பெயரே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. அவர் நம் நாட்டுக்காரர். அவரிடம் பிறகு வருகிறேன்.

கஞ்சி வழிந்த அடுப்பு

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. கையில் தொடவே முடியாத நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? முடியவே முடியாது என்று 1835-ல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த் எழுதினார். அவருக்குத் தெரியாத விஷயம், அதற்கான வழி அப்போதே பாதி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழியும்போது நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது. நம் தெருக்களில் எல்.ஈ.டி. வருவதற்கு முன் எரிந்த சோடியம் விளக்கின் மஞ்சளும் அதேதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனக்கே உரிய நிறங்கள் உண்டு. ஒளியை முப்பட்டகத்தில் விட்டு வானவில்லாக விரித்தால் அவை மெல்லிய கோடுகளாகத் தெரியும். சூரிய ஒளியை அப்படி விரித்தபோது 500-க்கு மேற்பட்ட கறுப்புக் கோடுகள் இருப்பதை 1814 வாக்கில் ஃபிரான்ஹோஃபர் பார்த்துக் குறித்து வைத்தார். அவை என்ன என்று அவருக்குத் தெரியாது. 1859-60-ல் கிர்ச்சாஃபும் புன்சனும் புதிரை அவிழ்த்தார்கள். சூரியனின் மேல் அடுக்கில் இருக்கும் அணுக்கள் தங்களுக்குரிய நிறத்தை விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய இடம் கறுப்பாகத் தெரிகிறது. (ஆமாம், லேபில் நாம் பற்றவைத்த பர்னருக்குப் பெயர் கொடுத்த அதே புன்சன்.)

அதன்பிறகு வேட்டை ஆரம்பமானது. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தின்போது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். அந்த வருடம் சூரியனில் பார்க்கப்பட்ட ஒரு மஞ்சள் கோடு சோடியத்தோடு பொருந்தவில்லை. அதற்குச் சொந்தமான தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது கிடைத்தது 1895-ல்தான்.

ஆக, சூரியனில் எது "இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. எது "எவ்வளவு" இருக்கிறது? இங்கேதான் ஒரு பெரிய பள்ளம். சூரிய நிறமாலையில் இரும்புக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கோடுகள். கால்சியத்தின் இரண்டு கோடுகள் தடித்துக் கிடக்கின்றன. ஹைட்ரஜனுக்கு விரல்விட்டு எண்ணும்படி சில கோடுகள்தான். பூமியும் இரும்பும் சிலிக்கனும் கால்சியமுமாகத்தான் இருக்கிறது. ஆகவே சூரியனும் பூமியும் ஒரே சரக்கு, அது கொதிக்கிறது, இது ஆறிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். பூமியைச் சூரியன் அளவுக்குச் சுடவைத்தால் அதன் நிறமாலையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ரோலண்ட் சொல்லியிருந்தார். 1914-ல் நம் ரஸ்ஸலே சூரிய நிறமாலையையும் பூமியின் மேலோட்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன என்பதுதான் சாரம்.

முட்டாள்தனமான முடிவு என்று இன்று சிரிக்கலாம். ஆனால் கையில் இருந்த தகவலுக்கு அதுதான் எளிமையான விளக்கம்.

கண்ணாடித் தகடுகள்

இதற்கிடையில் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியில் முப்பட்டகத்தைப் பொருத்தி, நட்சத்திர நிறமாலைகளைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துக் குவித்தார்கள். அதைப் பார்த்து வகைப்படுத்தும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 25 சென்ட் அளவில் கூலி. அவர்களில் ஆனி ஜம்ப் கேனன் என்பவர் சுமார் 2,25,000 நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. 1918 முதல் 1924 வரை தொகுதி தொகுதியாக அந்தப் பட்டியல் வெளிவந்தது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று இன்றும் நாம் படிக்கும் வரிசை அதுதான்.

ஏ வகையில் இருக்கும் சிரியஸில் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று தடிமனாக இருக்கும். ஜி வகைச் சூரியனில் அவை மெலிந்து கால்சியம் ஓங்கியிருக்கும். எம் வகைத் திருவாதிரையில் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள். அப்படியென்றால் சிரியஸ் ஹைட்ரஜனால் ஆனது, சூரியன் கால்சியத்தால் ஆனதா? வரிசை வெப்பநிலையைப் பொறுத்தது என்று பலருக்குச் சந்தேகம் இருந்தது. ஏன், எப்படி என்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியவில்லை.

டேட்டா மலையாக இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

டாக்கா பக்கத்துப் பையன்

படிக்கும் சாவியைக் கொடுத்தவர் மேக்நாத் சாஹா. 1893-ல் டாக்காவுக்கு அருகில் சியோராதலி என்ற கிராமத்தில் ஒரு சின்னக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். வங்கப் பிரிவினை நேரத்தில் ஆளுநர் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். கல்கத்தாவில் சத்யேந்திரநாத் போஸின் வகுப்புத் தோழர். 1920-ல், 27 வயதில், சூரியனின் நிற மண்டலத்தில் அணுக்கள் எப்படி அயனியாகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். பெரிய தொலைநோக்கி எதுவும் கையில் இல்லை. காகிதத்தில் போட்ட கணக்கு.

விஷயத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஈரத்துணி சென்னையில் காய்வதும் மதுரையில் காய்வதும் ஒன்றா? வெயில் ஒரே அளவு இருந்தாலும் சென்னையில் காற்றிலேயே ஈரம் அதிகம், துணி சீக்கிரம் காயாது. காய்வதற்கு வெயிலும் வேண்டும், சுற்றி ஈரம் குறைவாகவும் இருக்க வேண்டும். அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று போவதும் இப்படித்தான். வெப்பம் அதைக் கழற்றுகிறது. சுற்றி எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் கழன்ற இடத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. வெப்பநிலை, அழுத்தம், அந்த அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான ஆற்றல் மூன்றையும் கொடுத்தால், நூற்றுக்கு எத்தனை அணு அயனியாகியிருக்கும் என்று சாஹாவின் சமன்பாடு சொல்லிவிடும்.

அயனியான அணு வேறு கோடுகளைத் தரும். ஆகவே ஒரு கோடு மெலிந்திருந்தால் அந்தத் தனிமம் குறைவு என்று அர்த்தமில்லை. அந்தக் கோட்டைத் தரக்கூடிய நிலையில் இருக்கும் அணுக்கள் குறைவு, அவ்வளவுதான். சூரியனில் காணாத ருபிடியம், அதைவிடக் குளிர்ந்த சூரியப்புள்ளிகளில் தெரியலாம் என்றார் சாஹா. தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ரஸ்ஸல். சாஹாவின் முறையை முதலில் கையில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலரும் மில்னும் 1923-24-ல் சாஹாவின் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். (பின்னாளில் நம்ம சந்திரசேகருக்கு அங்கே வழிகாட்டியாக இருந்தவர் இதே ஃபௌலர்தான்.)

படிப்பு முடிந்தது, பட்டம் இல்லை

செசிலியா பெய்ன் 1900-ல் இங்கிலாந்தில் வெண்டோவர் என்ற ஊரில் பிறந்தார். நாலு வயதில் அப்பா இறந்துவிட்டார். 1919-ல் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரிக்குப் போனார். முதலில் தாவரவியல் பக்கம் இருந்தவர். அந்த வருடம் கிரகணத்தை அளந்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துவிட்டு வந்த எடிங்டனின் உரைக்கு, போக முடியாத தோழியின் டிக்கெட்டில் போய் உட்கார்ந்தார். அறைக்குத் திரும்பி உரை முழுவதையும் நினைவிலிருந்து எழுதினார். மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்று பின்னால் எழுதியிருக்கிறார். அதோடு இயற்பியலுக்கு மாறிவிட்டார்.

படித்து முடித்தார். பட்டம் கிடையாது. பெண்களுக்கு கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948-ல். இங்கிலாந்தில் இருந்தால் பள்ளி ஆசிரியை வேலைதான் என்று தெரிந்தது. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் ஹார்லோ ஷேப்லியின் உரையைக் கேட்டு, அவரிடம் நேராகப் போய்ப் பேசி, ஒரு சிறிய உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1923-ல் கப்பல் ஏறினார். கிளம்புவதற்கு முன் மில்ன் சொன்ன யோசனை முக்கியமானது. உனக்குக் கிடைத்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் சாஹாவின் கொள்கையைச் சோதிக்கும் அளவீடுகளைத்தான் தேடிப் போவேன் என்றாராம்.

ஒரு பக்கம் சாஹாவின் சமன்பாடு, ஃபௌலர்-மில்ன் திருத்தத்தோடு. இன்னொரு பக்கம் கேனன் வகைப்படுத்திய தகடுகள். இரண்டும் ஒரே ஆளின் மேஜைக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

20 கோடியில் ஒரு ஓட்டு

பெய்ன் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர். ஒரு ஊரில் 400 ஓட்டு, இன்னொன்றில் 1 ஓட்டு. எந்த ஊர் பெரிது? முதல் ஊர் என்று சொல்வீர்கள். ஆனால் முதல் ஊரில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள், இரண்டாவது ஊரில் 20 கோடியில் ஒருவர்தான் போட்டார் என்று தெரிந்தால்? நிறமாலைக் கோடு என்பது பதிவான ஓட்டு. வாக்குப்பதிவு சதவீதத்தைக் கொடுப்பது சாஹாவின் சமன்பாடு.

20 கோடி என்ற எண் சும்மா சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் நானே போட்டுப் பார்த்தேன், பத்து வரி கூட வராது. கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகளைத் தர வேண்டுமானால் அணுவின் எலக்ட்ரான் முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்கு ஏறியிருக்க வேண்டும். அதற்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,770 கெல்வின். அந்த வெப்பத்தில் 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் அந்தப் படியில் இருக்கும். கால்சியம் அப்படி இல்லை. சூரியனில் அது கிட்டத்தட்ட மொத்தமும் ஒரு எலக்ட்ரானை இழந்து, அந்த இரண்டு தடித்த கோடுகளைத் தரத் தயாராக நிற்கிறது. சிரியஸ் போன்ற சுமார் 10,000 கெல்வின் நட்சத்திரத்தில், நடுநிலையில் மிஞ்சிய ஹைட்ரஜன் அணுக்களில் லட்சத்துக்கு மூன்று அந்தப் படிக்கு ஏறிவிடும். சூரியனோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால்தான் ஏ வகையில் ஹைட்ரஜன் கோடு பளிச்சிடுகிறது. சிரியஸும் சூரியனும் வேறு சரக்கு இல்லை, சூடுதான் வேறு.

பெய்னிடம் பைத்தான் இல்லை. மடக்கை அட்டவணையும் பென்சிலும்தான். கோடு எவ்வளவு தடிமன் என்று துல்லியமாக அளக்கவும் அன்று சரியான வழியில்லை. அதற்கு ஃபௌலரும் மில்னும் காட்டிய வழியைப் பிடித்தார். ஒரு கோடு எந்த வகை நட்சத்திரத்தில் முதலில் தெரிய ஆரம்பிக்கிறது, எதில் மறைகிறது என்று தகடுகளில் பார்க்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த எல்லையில், எந்தத் தனிமமானாலும் கோட்டைத் தரும் அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வெப்பத்தில் எத்தனை சதவீத அணு ஓட்டுப் போடும் என்று சமன்பாடு சொல்லும். வகுத்தால் ஊரின் மக்கள்தொகை வந்துவிடும்.

இப்படி 18 தனிமங்களுக்கு எண்களைக் கொண்டுவந்தார். அட்டவணையில் மடக்கையாகக் கொடுத்திருக்கிறார், அதாவது ஒன்று கூடினால் பத்து மடங்கு. சிலிக்கன் 4.8. கால்சியம் 4.8. இரும்பு 4.8. ஹைட்ரஜன்?

11.

சிலிக்கனைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலே. ஹீலியமும் எக்கச்சக்கம். மற்ற தனிமங்களின் விகிதம் மட்டும் பூமியின் மேலோட்டோடு ஓரளவுக்கு ஒத்துப்போனது. அதாவது பழைய முடிவு பெரும்பாலும் சரி, இரண்டே இரண்டு தனிமங்களில் மட்டும் தலைகீழ்.

ஜனவரி 1925

ஷேப்லி இந்த முடிவுகளை ரஸ்ஸலுக்கு அனுப்பினார். அமெரிக்க வானியலில் அன்று ரஸ்ஸலுக்கு இருந்த இடம் சாதாரணமானதில்லை. ஷேப்லியே பிரின்ஸ்டனில் அவருடைய மாணவர். பெய்னுக்கு அவர் குருவின் குரு. வயது 47. பெய்னுக்கு 24, வெளிநாட்டிலிருந்து வந்து உதவித்தொகையில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்.

1925 ஜனவரி 14 தேதியிட்ட பதிலில், ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்பது நடக்கவே முடியாத விஷயம் என்று ரஸ்ஸல் எழுதினார். மற்றதையெல்லாம் பாராட்டினார்.

அவர் பொறாமையில் எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் காரணம் இருந்தது. குளிர்ந்த பெரிய நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் கோடுகள் கொள்கை சொல்வதைவிடத் தடிமனாக இருப்பதை ஏற்கெனவே கவனித்து, ஹைட்ரஜன் அணு ஏதோ விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று காம்ப்டனோடு சேர்ந்து 1924-ல் நேச்சர் இதழில் எழுதியிருந்தார். அவர் பார்வையில் 11 என்ற எண் அந்த விசித்திரத்துக்கு இன்னொரு சாட்சி. எடிங்டன் கட்டியிருந்த நட்சத்திர உள்ளமைப்புக் கணக்கும் கனமான தனிமங்களை வைத்தே போடப்பட்டது. 1914-ல் அவரே எழுதிய கட்டுரை வேறு. சாஹாவின் முறையை நம்பிப் பயன்படுத்தியவர், அதே முறை தனக்குப் பிடிக்காத விடை கொடுத்தபோது ஹைட்ரஜனுக்கு மட்டும் அது செல்லாது என்றார். எல்லா தனிமத்துக்கும் ஓடுகிற புரோகிராம் ஒன்றுக்கு மட்டும் எப்படிப் பிழையாகும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பெய்ன் ஆய்வேட்டில் ஒரு வரி சேர்த்தார். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் வந்திருக்கும் இந்த மிகப் பெரிய அளவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்ற பொருளில். மேலோட்டோடு ஒப்பிடும் பட்டியலில் அந்த இரண்டையும் விட்டுவிட்டார்.

அந்த ஆய்வேடு 1925-லேயே ஹார்வர்டு வானாய்வகத்தின் முதல் தனிநூலாக அச்சாகி வெளிவந்தது. யாரும் தடுக்கவில்லை. தான் படித்த முனைவர் ஆய்வேடுகளில் இது மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று ரஸ்ஸலே ஷேப்லிக்கு எழுதினார். பட்டம் கொடுத்தது ராட்க்ளிஃப் கல்லூரி, ஏனென்றால் ஹார்வர்டு பெண்களுக்குக் கொடுக்காது. ஊருக்குப் போனபோது பெய்ன் எடிங்டனிடம் நட்சத்திரங்களில் ஹைட்ரஜன்தான் மிக அதிகம் என்று நம்புவதாகச் சொல்லியிருக்கிறார். நட்சத்திரங்களின் உள்ளே என்று சொல்லாதே, மேலே என்று சொல் என்ற தோரணையில் அவரும் ஒதுக்கிவிட்டார்.

1929

1928-ல் ஜெர்மனியில் உன்சோல்டும், 1929-ல் பிரிட்டனில் மெக்ரேயும் வேறு வழிகளில் சூரியனில் ஹைட்ரஜன் ஏராளம் என்று வந்து நின்றார்கள். 1929-ல் ரஸ்ஸல் சூரிய வளிமண்டலத்தில் 56 தனிமங்களின் அளவைக் கணக்கிட்டு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஹைட்ரஜன்தான் எல்லாவற்றிலும் அதிகம் என்று ஒத்துக்கொண்டார். அதில் பெய்னின் 1925 வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தன் முடிவு அதோடு பொருந்துவதையும் எழுதினார். ஆகவே திருட்டு என்ற சொல் பொருந்தாது. அந்த முடிவு உண்மையாக இருக்காது என்று அவரை எழுத வைத்தது நான்தான் என்பதை மட்டும் எழுதவில்லை.

பெயர் யாருக்குப் போனது? பல வருடங்களுக்கு, ஹைட்ரஜன் என்றாலே ரஸ்ஸல் 1929 என்றுதான் சொன்னார்கள். யாரும் திருட வேண்டியதில்லை. பெரிய பெயர் பக்கத்தில் இருந்தால் புகழ் தானாகவே அந்தப் பக்கம் வழிந்துவிடும். ஆபீஸில் பார்க்காததா?

நேர்மைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெய்னின் எண் அப்படியே சரியில்லை. இன்றைய கணக்கில் சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கள் சிலிக்கனைவிட சுமார் 30,000 மடங்கு, கால்சியத்தைவிட நாலரை லட்சம் மடங்கு. எடைக் கணக்கில் ஹைட்ரஜன் ஏறக்குறைய 74%, ஹீலியம் 25%, மற்றது எல்லாம் சேர்ந்து 2%-க்கும் குறைவு. பெய்னின் எண் அதிகம்தான். ஆனால் சந்தேகத்தை வெளியிட வேண்டியது எண்ணின் அளவைப் பற்றி. எந்தத் திசை என்பதில் சந்தேகமே தேவைப்படவில்லை. இந்த ஹைட்ரஜன் இல்லாமல், 1938-39-ல் பெத்தே சொன்ன அணுக்கரு இணைவுக்கு, அதாவது சூரியன் எதை எரித்து இத்தனை காலம் ஒளிர்கிறது என்ற கேள்விக்கு, எரிபொருளே கிடையாது.

கமென்ட் போட்ட வரி

இந்தக் கதையை நான் பல வருடமாகச் சுமந்துகொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியிலிருந்து வரும் தோல்விப் பதிவுகள் மற்ற இடங்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருந்தன. சீனியரிடம் காட்டினேன். நல்ல மனிதர், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவ்வளவு வர சான்ஸே இல்ல தம்பி, ஒரே பதிவு திரும்பத் திரும்ப விழுது, ஃபில்டர் போட்டுடு" என்றார். என் கணக்கு சரி என்று எனக்கு உள்ளூரத் தெரியும். இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். ஆனாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஃபில்டரைப் போட்டேன். மேலே ஒரு கமென்ட்: இரட்டைப் பதிவுகள், விட்டுவிடவும். எட்டு மாதம் கழித்து, அந்தத் தோல்விகள் எல்லாம் நிஜம் என்று தெரிந்தது. அதற்குள் பழைய பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன. எப்போது ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சீனியரை யாரும் கேட்கவில்லை. கமென்ட்டில் என் பெயர்தான் இருந்தது.

முன்பெல்லாம் பெய்ன் கதையைப் படிக்கும்போது, அவரும் என்னைப் போலத்தான், பெரியவர் சொன்னதும் பணிந்துவிட்டார் என்று ஒரு ஆறுதல் இருந்தது. இந்தப் பதிவுக்காக மறுபடியும் படித்தபோதுதான் உறைத்தது. அவர் என்னைப் போல இல்லை. அவர் வாக்கியத்தில் பணிந்தார். அட்டவணையைத் தொடவில்லை. ஒப்பிடும் பட்டியலில் விட்டார், மூல அட்டவணையில் 11 அப்படியே அச்சாகியிருக்கிறது. அதை எப்படிக் கணக்கிட்டார் என்ற வழியும் கூடவே இருக்கிறது. சந்தேகம் என்பது அந்த எண்ணின் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு கருத்து. 1929-ல் ரஸ்ஸல் திரும்பி வந்து பார்த்தபோது பொருத்திப் பார்க்க எண் அங்கேயே இருந்தது. நான் எண்ணை எடுத்துவிட்டுக் கருத்தை மட்டும் வைத்தேன்.

இதனால் அவருக்கு நடந்தது சின்ன விஷயம் என்று ஆகிவிடாது. ஹார்வர்டில் அவருடைய சம்பளம் வெகுநாள் உபகரணச் செலவுக் கணக்கில் போனது. அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பல்கலைக்கழகப் பட்டியலில் வரவில்லை. முழுப் பேராசிரியர் ஆனது 1956-ல், துறைத்தலைவரும் ஆனார். ஆய்வேடு எழுதி 31 வருடம் கழித்து. 1962-ல் வானியல் வரலாறு எழுதிய ஸ்ட்ரூவே, வானியலில் எழுதப்பட்டவற்றிலேயே மிக அற்புதமான முனைவர் ஆய்வேடு அது என்று பதிவு செய்தார்.

பெய்ன் ரஸ்ஸல் மேல் பழி போடவில்லை. வயதான பிறகு எழுதிய தன்வரலாற்றில், தான் சரி என்று நம்பியபோதும் அதிகாரத்துக்கு விட்டுக்கொடுத்தது தன் தவறு என்று எழுதினார். தெரிந்த உண்மையில் உறுதியாக நில்லுங்கள் என்பது இளையவர்களுக்கு அவர் சொன்ன பாடம். படிக்கும்போது, கொஞ்சம் அதிகமாகவே தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று தோன்றியது. 24 வயதில், அந்த இடத்தில், எண்ணை அழிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

1976-ல் அமெரிக்க வானியல் சங்கம் அவருக்குத் தன் உயரிய கௌரவத்தைக் கொடுத்தது. அதன் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விருதுரை. மூன்று வருடம் கழித்து, 1979 டிசம்பரில் காலமானார்.

இதன் சுருக்கத்தைக் குரூப்பிலும் போட்டேன். "அவ்வளவு பெருசா இருக்கே, ஃபார்வர்டு பண்ண முடியாதே மச்சி" என்றான் ஒருவன். உண்மைதான்.